ஓடைக்கரையில் ஏழு பன்றிகள்

காட்டோர வனக்காவல் சாவடியின் முன்னால் கால்நடை மருத்துவரின் ஜீப் நின்றபோது மதியம் மூன்று மணி. ஒரே அறை, ஒரு மேசை, சுவரில் காட்டின் வரைபடம். வனக்காவலர் வாசலிலேயே காத்திருந்தார். ஒரே வாரத்தில் ஏழு காட்டுப்பன்றிகள் செத்துக் கிடப்பதாகப் போனில் சொன்னவர் அவர்தான்.

அவர் முகத்தை நேராகப் பார்க்க மருத்துவரான அவளுக்குக் கூசியது. போன வருடம் இதே காய்ச்சல் ஊருக்குள் வந்தது. மனிதரைத் தொடாது, பன்றியை விடாது. சுற்றுவட்டாரப் பண்ணைப் பன்றிகளையெல்லாம், நோய் வந்தது வராதது என்று பார்க்காமல், கொன்று புதைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அவள். காவலருடைய தம்பியின் நாற்பது பன்றிகளும் அதில் போயின. ஒரே குழி, மேலே சுண்ணாம்பு. மூன்றாம் நாள் தம்பி காட்டுக்குள் நடந்து போனான். திரும்பவில்லை. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

காவலர் அவளை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இன்றும் மாதிரிப் பெட்டியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். காய்ச்சல் கண்ட பன்றி தண்ணீரைத் தேடிப் போய்த்தான் விழும், ஏழும் ஓடையிலும் புதரிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன என்று வழியில் சொன்னார்.

ஓடையை நெருங்கும்போதே நாற்றம் மூக்கில் ஏறியது. அழுகல் மட்டுமல்ல. அதற்கடியில் ஈரச் சுண்ணாம்பின் நெடி.

ஏழும் சிதறிக் கிடக்கவில்லை.

வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு.

"நீங்களா அண்ணே?"

"காலையில பார்த்தப்ப இப்படி இல்லம்மா."

சேற்றில் பன்றிக் குளம்புகளைத் தவிர வேறு தடமே இல்லை. வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அவள் கையுறையை மாட்டினாள். முதல் பன்றியின் மண்ணீரல் கறுத்து வீங்கியிருந்தது, பரிசோதனையே தேவையில்லை. ஆனாலும் ஒரு துண்டு அறுத்துக் குப்பியில் போட்டு எண் எழுதி இடுப்புப் பையில் செருகினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நோக்கி நகர்ந்தபோது காட்டின் பூச்சிச் சத்தம் சட்டென்று நின்றது.

டங். டங். டங்.

யாரோ இரும்பு வாளியைக் கட்டையால் தட்டினார்கள். கூடவே ஓர் ஆண் குரல், இழுத்து இழுத்து.

"பா... பா... பா..."

பன்றிகளைத் தீனிக்குக் கூப்பிடும் குரல்.

காவலரின் தோளிலிருந்து பெட்டி நழுவி விழுந்தது. தம்பி என்று அவர் சொன்னது வெறும் மூச்சாகத்தான் வந்தது.

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ விளையாடுகிறார்கள், நாளைக்கு ஆட்களோடு வந்து பார்க்கலாம் என்று கெஞ்சினாள். கோபமே இல்லாமல் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அவர் விடுவித்தார்.

"நீங்க கையெழுத்துதான் போட்டீங்க. அந்தத் தாளை அவன் கையில கொண்டுபோய்க் கொடுத்தது நான்ம்மா. அவன் என்னைத்தான் கூப்பிடறான்."

அவர் நடக்க, புதர் விலகியது. மூடிக்கொண்டது.

வாளிச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் திரும்பினாள். அவள் அறுத்த இரண்டு பன்றிகள் மட்டுமே கிடந்தன. மற்ற ஐந்தும் கிடந்த இடத்தில் வெறும் சுண்ணாம்புத் தூள்.

ஜீப் வரைக்கும் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

காவலரை நான்கு நாட்கள் தேடினார்கள். மோப்ப நாய்கள் ஓடையைத் தாண்ட மறுத்துப் படுத்துக்கொண்டன. இரண்டு குப்பிகளிலும் நோய் உறுதியானது. மறுபடியும் உத்தரவு, மறுபடியும் அவள் கையெழுத்து, மறுபடியும் குழிகள். எத்தனை குழி வெட்டியும் காய்ச்சல் அடங்கவில்லை. பன்றிக் கொட்டில் இருந்த வீடுகளில் ஒன்றொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஊரைவிட்டே போனார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், புதிதாக வந்திருந்த வனக்காவலர் வாரக் கணக்கைச் சொல்லக் கூப்பிட்டார். வெளியூர்க்காரர், பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. இந்த வாரம் சாவு இல்லை என்றவர், போனை வைக்காமல் தயங்கினார்.

"மேடம், ஓடைக்கு அந்தப் பக்கம் யாராவது பன்னி வளக்கறாங்களா?"

அங்கே யாருமே இல்லை என்றாள் அவள்.

"இல்ல மேடம், ரெண்டு பேர் இருக்காங்க. அண்ணன் தம்பியாம். நேத்து புதருக்குப் பின்னால நின்னு பேசினாங்க, மூஞ்சிதான் தெரியல. டாக்டரம்மா மறுபடி எப்ப வருவாங்கன்னு கேட்டாங்க. சீக்கிரம் வருவாங்கன்னு சொல்லிட்டேன்."