முழங்கை வரைக்கும்

மேஜைமேல் ஒரு பிராணியும் இல்லாத நேரத்தில் ஸ்கேனர் கத்தியது.

பீப் அக்கா அப்போது அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கடைசியாக வந்த பூனை ஊசி போட்ட கோபத்தை மேஜையெங்கும் காட்டிவிட்டுப் போயிருந்தது. மேஜையைக் கழுவி, மருந்துத் தண்ணீர் தெளித்து, அந்தக் காட்டமான வாசனைக்கு மூக்கைச் சுளித்தபடி, கூரைத் தகரத்தில் சாயங்கால மழை சடசடப்பதைக் கேட்டுக்கொண்டே, கருவியின் வட்டத் தலையை ஈரத்துணியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பீப். சின்னத் திரையில் நீளமாக ஓர் எண். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அந்த எண்ணின் வால் அவளுக்கு மனப்பாடம்.

அந்த எண்ணுக்குரிய நாயோ சில தெருக்கள் தள்ளி, அவள் வீட்டு சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் எட்டிப் பார்த்து, பூனை திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னதும், பட்டனில் கை பட்டிருக்கும், பழைய நம்பர் எதையாவது மெஷின் கக்கியிருக்கும் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள். ஆனால் நாய் வளர்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் வேறு. நாயின் அடையாள எண்ணை வைத்திருக்கும் சிப்பில் பேட்டரி கிடையாது. அரிசி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், தோலுக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும். கருவியை ஒரு கை அகலத்துக்குள் கொண்டுபோய்க் கேட்டால்தான் பதில் சொல்லும். கேட்காமல் வாய் திறக்காது. கேட்டால் மறைக்காது.

இந்தக் கடைசி விஷயத்தில் சிப்புக்கு இருந்த யோக்கியதை அவளுக்கு இல்லாமல் போனது. வந்த வினை அதில்தான் தொடங்கியது.

அவளுடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. தொலைந்த நாய் எது கிடைத்தாலும் ஜனங்கள் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு அவள் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனைக்குத்தான் வருவார்கள். அவள் கருவியைக் காட்டுவாள். அது பீப் என்றால் சொந்தக்காரரின் பெயரும் நம்பரும் கணினியில் வந்து நிற்கும். உடனே போனை எடுத்து, "உங்க பிள்ளை கிடைச்சிடுச்சுங்க" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் களையைப் பார்க்க வேண்டும், பெற்றவளே தோற்றுப்போவாள். வீட்டுக்கு வந்தால் அந்தக் களைக்கு மதிப்பில்லை. வீட்டுக்காரர் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர், வருவதே விருந்தாளி மாதிரி, வந்தாலும் பேச்செல்லாம் டிவியோடு. அவள் கதவைத் திறந்தால் யாரென்று ஏறிட்டுப் பார்க்க அந்த வீட்டில் ஒரு ஜீவன் கிடையாது.

அந்த நிலைமையில்தான் பெருமழை அடித்த ஒரு நாளில் செவலை நாய் ஒன்று மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. ஒரு காது மடங்கி, கழுத்துப் பட்டை இல்லாமல், தொப்பலாக நனைந்து. கூடம் நிறையக் கூட்டம். கருவியை நாயின் பிடரியில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, சிப் இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்படிப் பார்க்கக் கூடாது. போட்ட இடத்திலேயே சிப் இருக்கும் என்று எந்த நாயும் எழுதிக்கொடுக்கவில்லை. தோலுக்கடியில் நகர்ந்து தோளுக்கு இறங்கும், விலாவுக்குப் போகும், முழங்கை வரைக்கும்கூட வழுக்கிக்கொண்டு வரும். அதனால் வளைத்து வளைத்து, நிதானமாக, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். அன்றைக்கு அவசரம், அவ்வளவுதான். யாராவது கேட்டு வரும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டிப்போனாள். தங்கம் என்று பெயர் வைத்தாள். யாராவது கேட்டு வரப்போகிற நாய்க்குப் பெயர் எதற்கு என்று எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு, சும்மா கூப்பிடத்தான் என்றாள்.

தடுப்பூசிக்குத் தங்கத்தைக் கூட்டி வந்தபோதுதான் முறைப்படி பார்த்தாள். இடது முழங்கையில் பீப் என்றது.

சொந்தக்காரர் ஒரு ரிடையர்டு கால்பந்து ரெஃப்ரி. வீடு சந்தைக்குப் பின்பக்கம். போனைக் கையில் எடுத்தாள். அதற்குள் அந்த நாய்க்கு அவளுடைய செருப்புச் சத்தம் பழகியிருந்தது. அவள் தெருமுனையில் திரும்பும்போதே கதவுக்குப் பின்னால் வால் அடிக்கும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று போனை வைத்தாள். அந்த நாளை வரவேயில்லை. ரெஃப்ரிதான் வந்தார்.

நெட்டையான மனிதர், கழுத்தில் நாடாவோடு இன்னும் அந்த விசில். கையில் அறுந்துபோன தோல்பட்டை. அதில் பித்தளைப் பெயர் வில்லை ஒன்று கிணுகிணுத்தது. இடி இடித்தபோது பயல் கம்பிவேலிக்குள் பாய்ந்தான், பட்டை மாட்டிக்கொண்டது, ஆள் மட்டும் ஓடிவிட்டான் என்றார். பெயர் ஆஃப்சைடு, எப்போதும் முன்னாலேயே ஓடிப்போய் நிற்பான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"செவலைங்க, ஒரு காது மடங்கியிருக்கும். அவனுக்குச் சிப்பு கீழ இறங்கிடுச்சுன்னு போன வருஷமே சொன்னாங்கம்மா. முழங்கை வரைக்கும் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு சார்" என்றாள் பீப் அக்கா. "அப்படி எதுவும் வரல."

அவர் கும்பிட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தெருத்தெருவாக நடந்தார். இரண்டு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல். பிள்ளைகள் பின்னாலேயே போய், ஆட்டம் எப்போ சார் தொடங்கும் என்று கேலி செய்தன. ஒரு மழைநாளில் அந்த விசில் அவள் ஜன்னலுக்குக் கீழேயே வந்தது. சோபாவிலிருந்த நாய் அப்படியே நிமிர்ந்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள், டிவியைக் கூட்டி வைத்தாள், தரையில் உட்கார்ந்து நாயின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். விசில் நின்று நின்று ஊதிக்கொண்டே கடைசி வீடுவரை போனது. அவள் உள்ளங்கைக்குள் ஒரு முனகல், சூடாக, ஈரமாக, வழியில்லாமல் துடித்தது.

அந்த மழைதான் ரெஃப்ரிக்குக் காய்ச்சலாக மாறியது. செய்தியை அவர் மகளே கொண்டுவந்தாள்; பிரிக்காத நாய்த்தீனிப் பொட்டலங்களை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள்.

"விசிலு கைக்குள்ளேயே இருந்துச்சுக்கா. விரலைப் பிரிக்க முடியல. அந்தப் பட்டையையும் கூடவே வச்சு மண்ணுக்குள்ள அனுப்பிட்டோம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவன் கிடைச்சா எனக்கு ஒரு போன் போடுங்க. அப்பாதான் இல்ல, நானாவது வச்சுக்கிறேன்."

"கண்டிப்பாம்மா" என்றாள் பீப் அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பொட்டலங்களில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஸ்கேனர் தானாகக் கத்திய சாயங்காலத்துக்குப் பிறகு, பிடரியில் ஓர் அரிப்பு. கொசு என்று நினைத்தாள். சில நாளில் அது இடது தோளுக்கு வந்தது. தடவிப் பார்த்தால் தோலுக்கடியில் ஏதோ சின்னதாக, கெட்டியாக, விரலுக்குத் தப்பி வழுக்கியது. மருத்துவமனையில் அவள் கருவியைத் தொட்டாலே பீப் என்றது. அதனால் இடது கையால் தொடுவதை விட்டுவிட்டாள். வீட்டில் அவள் கூப்பிட்டால் நாய் வருவதில்லை. அவள் படுக்கையின் நடுவில் ஏறிப் படுத்துக்கொண்டு, தலையணையில் தாடையை வைத்து, அவள் இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஈரமண்ணின் வாசனை. வீடெல்லாம் துடைத்தாள், போகவில்லை. ஒருநாள் மதியம் கண்ணயர்ந்தவள் விழித்தபோது வாசற்கதவுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில், நிலைப்படிமேல் தாடையை வைத்துப் படுத்திருந்தாள். எதற்கோ காத்திருந்தது போல. காதை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டு.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பயமாக இருக்கிறது, வந்துவிட்டுப் போங்கள் என்றாள். அவர் எங்கோ மலைப்பாதையில் இருந்தார். நாய் இருக்கிற வீட்டில் என்ன பயம் என்று கேட்டார்.

மறுநாள் ஸ்கேனரைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. மேகம் மட்டும் தாழ இறங்கியிருந்தது. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது அவள் இடுப்பு தானாகப் பாதி எழுந்தது. வெட்கமாக இருந்தது, உட்கார்ந்தாள். நாயைக் கட்டிலிலிருந்து இறக்கி, இடது முழங்கையில் கருவியை வைத்தாள். சத்தமில்லை. மெல்ல மேலே, தோள், பிடரி. வளைத்து வளைத்து, விலா, வயிறு, வலது பக்கம், வால்வரைக்கும். வாழ்க்கையில் எந்த நாயையும் அவள் இத்தனை ஒழுங்காகப் பார்த்ததில்லை. நாய் பொறுமையாக நின்று காட்டியது. ஒன்றும் இல்லை.

கருவியைத் தன் பிடரியில் வைத்தாள். சத்தமில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்கு அப்படித்தானே விட்டாள்.

தோளில் இறக்கினாள். புஜம். இன்னும் கீழே. முழங்கை.

பீப்.

எண்ணைப் பார்க்கவில்லை. போனைத் தேடினாள். மகளைக் கூப்பிட வேண்டும். இப்போதே. கிடைச்சிடுச்சும்மா, என்கிட்டதான் இருந்துச்சு, நான்தான் மறைச்சேன், வந்து கூட்டிட்டுப் போம்மா. நாலு வார்த்தை. போதும். விரல் பட்டன்களில் வழுக்கியது. மணி அடித்தது. மகள் எடுத்தாள்.

"ஹலோ? யாருங்க?"

பீப் அக்கா வாயைத் திறந்தாள்.

"ஹலோ... அக்கா, நீங்களா?" அந்தப் பெண்ணின் குரலில் சட்டென்று ஒரு சந்தோஷம். "அவன் கிடைச்சிட்டானா? முனகுற சத்தம் கேக்குதே."

நாய் மறுபடி கட்டிலின் மேல் ஏறியிருந்தது. அதன் வாய் மூடியிருந்தது.

போன் கையிலிருந்து விழுந்தது. அந்தப் பெண் அக்கா, அக்கா என்று தரையிலிருந்து கூப்பிட்டாள். பீப் அக்காவுக்கு அது தன்னைத்தான் என்று தோன்றவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. தெரு காலியானது. கதவுகள் சாத்தப்படும் சத்தம், ஒவ்வொன்றாக. பிறகு மழை மட்டும்.

பிறகு விசில்.

இரண்டு குட்டை. ஒரு நீளம். விசிலுக்குள் உருளும் குண்டு ஈரத்தில் சிக்கிச் சிக்கி.

தெருமுனையில்.

நாயைப் பார்த்தாள். போடா. உன்னைத்தான். போ. நாய் அசையவில்லை. மடங்கிய காதுகூட அசையவில்லை.

இரண்டு குட்டை. ஒரு நீளம். எதிர்வீடு.

அவள் முழங்கால் நிமிர்ந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் பிடிக்கவில்லை. வழுக்கின. கதவு அவளிடம் வந்தது. தாழ்ப்பாள் எப்போது விலகியது என்று தெரியவில்லை.

வெளிவாசல் கம்பிக்கு அந்தப் பக்கம், கிணுகிணுவென்று, பித்தளை.

மழையில் ஓர் உயரம். முகம் இருக்கும் இடத்தில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை பொத்தியபடி. விரல் பிரியாமல். இன்னொரு கையில் தோல்பட்டை, மண் ஒட்டி.

"ஆஃப்சைடு" என்றது. அன்பாக. நாள் முழுக்கத் தேடிக் களைத்த குரலில்.

ஓடிப்போய் நின்றாள். நிற்கக் கூடாது என்று நினைத்தாள். நின்றாள்.

பின்னால் அவள் வீட்டுக் கதவை மூக்கால் தள்ளி யாரோ சாத்தினார்கள்.

ஈரமான கை அவள் பிடரியில் வந்து உட்கார்ந்தது. தடவியது. அங்கே எதுவும் இல்லை. கை அவசரப்படவில்லை. வளைத்து வளைத்து, நிதானமாக, தோளுக்கு இறங்கியது; தோளிலிருந்து புஜத்துக்கு; புஜத்திலிருந்து, எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படியே, முழங்கை வரைக்கும்.