ஜன்னல் முறை

"அந்தப் பெஞ்சு மட்டும் வேண்டாமுங்க."

"ஏனுங்க, கால் ஆடுதா?"

"காலெல்லாம் கெட்டியாத்தான் இருக்குது. வேண்டாமுன்னா உட்டுப்போடுங்களேன்."

"எடம் பத்தலீங்க ஐயா. மிச்சப் பசங்களை என் மடியிலயா உட்கார வெச்சுக்குவேன்?"

"உங்க மடி, உங்க இஷ்டமுங்க. நான் சொல்லிப்போட்டேன்."

சொன்னவர் கோவிந்தராஜுலு நாயுடு, அந்தக் கல்லூரியின் நூலகர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, புத்தக அலமாரிகளைக் காவல் காக்கும் கம்பிவலைக்குப் பின்னால் போய்விட்டார். கேட்டவன் பொங்கியண்ணன், அன்னூரில் பள்ளி ஆசிரியன். வயது முப்பதைத் தொடவில்லை. அதற்குள் கிழவனின் முதுகு வந்திருந்தது. பகலெல்லாம் வகுப்பு, அதற்கப்புறம் விடைத்தாள்கள், அதற்கும் மேலே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சி. மாணவன் வாய்விட்டுப் படித்தால் மனத்தில் நிற்குமா, மனத்துக்குள் படித்தால் நிற்குமா? கேள்வி இவ்வளவுதான். "போதிய சோதனை இல்லை" என்று எழுதி அவன் ஆய்வை ஏற்கெனவே ஒரு தடவை திருப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை திருப்பினால் மறுபடியும் எழுத அவனுக்குத் தெம்பில்லை.

கோயமுத்தூரில் இந்தக் கல்லூரியின் முதல்வர் இரக்கப்பட்டு இன்டர்மீடியட் மாணவர்களைக் கொடுத்திருந்தார். பாதிப் பேர் வகுப்பறையில் உரக்கப் படிக்க வேண்டும். மீதிப் பேர் நூலகத்தில் உதடு அசையாமல் படிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததைச் சொல்ல வேண்டும்.

நூலகத்தின் வாசிப்பறை நீளமானது. பசையும் தூசியும் பழந்தாளும் சேர்ந்த வாசனை. மேற்குச் சுவரில் கடைசி ஜன்னலின் அடியில் அந்தப் பெஞ்சு கிடந்தது. நல்ல வெளிச்சம் விழும் இடம். ஆனாலும் பெஞ்சின் மீது விரலால் கோடு போடும் அளவுக்குத் தூசி.

பொங்கியண்ணன் மேல்துண்டால் அதைத் தட்டிவிட்டு, தம்பிதுரையை அங்கே உட்கார வைத்தான்.

தம்பிதுரை கிணத்துக்கடவுப் பக்கத்துப் பண்ணையக் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பிலேயே நினைவாற்றல் மிகுந்தவன். உபகாரச் சம்பளத்தில் படித்தான். பங்குனியில் பரீட்சை. அதில் தேறாவிட்டால் சம்பளம் நின்றுவிடும். ஊருக்குப் போய் எருதுகளின் பின்னால் நடந்து, கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான். இதை அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான். "எங்கப்பன் ரெண்டு எருது ரெடியா வெச்சிருக்குதுங்க சார். மூணாவது நான்."

பிற்பகல் வெயில் தரையில் ஜன்னல் கம்பிகளை வரைந்திருந்தது. எல்லோரும் குனிந்து படித்தார்கள். தாள் புரளும் ஓசை மட்டும்.

தம்பிதுரையின் உதடுகள் அசைந்தன.

பொங்கியண்ணன் போய் மேஜையைத் தட்டினான். அவன் நிமிரவில்லை. அசைந்த உதடுகளிலிருந்து முணுமுணுப்பு வந்தது. முணுமுணுப்பு பேச்சாயிற்று. ஒரு வாக்கியம் படிப்பான், நிறுத்துவான், தலையைச் சற்று ஜன்னல் பக்கம் சாய்ப்பான். பிறகு அடுத்த வாக்கியம். எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று பார்த்துப் பார்த்துப் படிப்பவனைப் போல.

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "தொரை, யாருக்குடா பாடம் எடுக்கறே?" என்றான்.

அவன் படித்து முடித்ததும் பொங்கியண்ணன் புத்தகத்தை மூடினான். "சொல்லு கண்ணு. என்ன படிச்சே?"

தம்பிதுரை அவனையே பார்த்தான்.

"படிச்சனுங்களா?"

ஜன்னல் கட்டையின் உட்புறம் ஒரு பஞ்சுத் துணுக்கு கிடந்தது. காற்றே இல்லை. ஆனாலும் அது மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

சோதனையில் ஒரு பையன் சரிவரவில்லை என்று குறித்துக்கொண்டு பொங்கியண்ணன் பஸ் ஏறினான். அலுப்பில் அதற்குமேல் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் அவன் வந்தபோது, கல்லூரி வாசல் வேப்பமரத்தடியில் தம்பிதுரை காத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது.

"சார், நான் தெனமும் அந்தப் பெஞ்சுக்குத்தான் போறனுங்க."

"எதுக்குப்பா?"

"தெரியலீங்க. காலு தானா அங்க போயிருது. சரித்திரம் அங்க உட்கார்ந்து படிச்சேன், போயிருச்சு. தர்க்கம் படிச்சேன், அதும் போயிருச்சு. முன்னால படிச்சதெல்லாங்கூட எளகுதுங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "படிக்கறப்ப வெளிய இருந்து ஆரோ உம் கொட்டறாங்க சார்."

பொங்கியண்ணனுக்குக் கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் களைப்புதான் வந்தது. ஆனால் அந்தப் பெஞ்சில் பையனை உட்கார வைத்தது தன் கைதான் என்பது அவனுக்கு மறக்கவில்லை. நேராக நாயுடுவிடம் போனான்.

நாயுடு வெகுநேரம் ஒரு புத்தகத்தின் முதுகுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"மாசாணமுன்னு ஒரு பையன் படிச்சானுங்க," என்றார் கடைசியில். "சேரியில இருந்து வந்தவன். சர்க்கார் உத்தரவு இருந்துது, காலேஜ்ல சேர்த்துக்கிட்டாங்க. ஆனா இந்த மேஜையில அவன் சரிசமமா உட்காரப்படாதுன்னு நாலு ஊட்டுக்காரங்க வந்து கத்துனாங்க. பிரின்சிபால் ஒரு வழி பண்ணுனாரு. அவன் வெளித் தாவாரத்துல நின்னுக்கோணும். உள்ள ஜன்னலோரம் ஒருத்தன் உட்கார்ந்து அவனுக்காக வாய்விட்டுப் படிக்கோணும்."

"புத்தகத்தை அவன் கையில குடுத்தா என்னங்க?"

பசைக் குச்சி நின்றது.

"குடுத்திருக்கலாமுங்க."

பிறகு மறுபடியும் தடவினார். "பசங்க அத்தனை பேரும் பண்ணையத்துப் பசங்க. பங்குக் கெணத்துத் தண்ணிக்கு முறை வெக்கற மாதிரி, இன்னிக்கு உன்னுது நாளைக்கு என்னுதுன்னு ஜன்னலுக்கு முறை வெச்சுக்கிட்டானுங்க. பாடம் முடிஞ்சா ஒரு கதைப் புஸ்தகம் படிச்சுக் காட்டுவானுங்க. எங்கியோ வடகோடிக் கடல்ல பனிக்கட்டிக்குள்ள மாட்டுன கப்பலாமுங்க. அவனுக்கு உசுரு அதுல. அவங்கம்மாவுக்குப் பஞ்சு ஜின்னிங் பாக்டரியில வேலை. இவனும் காலையில அங்க வேலை செஞ்சுட்டுத்தான் வருவான், தலையெல்லாம் பஞ்சு. பனிக்கட்டின்னா எங்க குடோன்ல பஞ்சு கெடக்கற மாதிரிங்களான்னு ஒரு நாள் கேட்டான். எல்லாரும் சிரிச்சானுங்க. நானுஞ் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எலி விழுந்துதுங்க. பிளேக்கு. ஊரே காலி. காலேஜைப் பூட்டிட்டு ஆளாளுக்குக் காட்டுல கொட்டகை போட்டுக்கிட்டோம். 'நாளைக்கு மிச்சத்தைப் படிக்கறேன், வந்துரு'ன்னு எவனோ சொல்லியிருக்கான். எவன்னு கேட்டா, அன்னிக்கு என் முறையில்லைன்னு அத்தனை பேருஞ் சொல்றானுங்க. இவன் வந்திருக்கான். பூட்டுன ஜன்னல்கிட்ட வந்து நின்னுக்கிட்டே இருந்திருக்கான். திரும்பி வந்து நாங்க கதவைத் தெறந்தப்ப, அந்த ஜன்னலுக்கு அடியிலதான் சாஞ்சு கெடந்தான்."

நாயுடு கண்ணாடியைக் கழற்றினார். "அதுல இருந்து, அந்தப் பெஞ்சுல உட்கார்ந்தவனுக்கு முறை வந்துருதுங்க. அவன் படிக்கறதெல்லாம் வெளிய பாஞ்சிருது. அவன் மனசுக் காட்டுல சொட்டுத் தண்ணி நிக்காது."

"அந்தக் கதையை முடிச்சுட்டா உட்டுருவானா?"

"எனக்கென்னங்க தெரியும்? எனக்கு அதைத் தொடவே பயம்."

அப்படிச் சொல்லிக்கொண்டே அவர் துணியால் பிடித்துக் கொண்டுவந்து வைத்தது அட்டை இல்லாத ஒரு மொழிபெயர்ப்பு நாவல். விட்ட இடத்துக்கு அடையாளமாக நடுவில் ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது.

சிவராத்திரிக்குக் கல்லூரி விடுமுறை. அன்று பிற்பகல் பொங்கியண்ணன் தனியாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான். நாயுடு கதவைத் திறந்துவிட்டு, வராந்தாவுக்குக்கூட வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். ஜன்னலுக்கு வெளியே வெறும் தாவாரம். அதற்கப்பால் வெயிலில் காய்ந்த புல். ஆள் நடமாட்டமே இல்லை.

குச்சியை எடுத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினான்.

கப்பலைச் சுற்றிக் கடல் உறைந்து கிடந்தது. மாலுமிகள் பாய்மரத்தை வெட்டி எரித்தார்கள். சூரியன் வருவதையே நிறுத்திவிட்டது. பொங்கியண்ணனின் குரல் அந்த நீண்ட அறையில் போய் முட்டித் திரும்பி வந்தது. ஒரு வாக்கியம். இன்னொரு வாக்கியம்.

"உம்."

மிக மெல்லிய ஒலி. ஜன்னல் கட்டைக்குக் கொஞ்சம் கீழே இருந்து.

அவன் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. படித்தான்.

"உம்."

பருத்தியின் வாசனை வந்தது. பருத்திக்கொட்டையும் எண்ணெயும் வியர்வையும் கலந்த, ஆலைக்குள் அடைபட்ட வாசனை. கம்பிகளுக்கு இடையில் ஒரு பஞ்சுத் துணுக்கு மிதந்து வந்து பக்கத்தின்மேல் உட்கார்ந்தது. அவன் ஊதினான். இன்னொன்று வந்தது. கதையில் பனி பெய்துகொண்டிருந்தது.

படித்துத் திருப்பிய பக்கத்தில் என்ன இருந்தது என்பது மறுபக்கம் வருவதற்குள் மறந்துபோயிற்று. மாலுமிகளின் பெயர்கள் போயின. எத்தனை பேர் செத்தார்கள் என்பது போயிற்று. கண்முன் இருந்த வரி மட்டும் இருந்தது. தொண்டை எரிந்தது. இது முடிந்தால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்ற ஒன்றே நினைவாக இருந்தது.

"உம்."

கப்பலின் தலைவன் விடியலில் மேல்தளத்துக்கு வந்தான். தூரத்தில் ஏதோ வெடிக்கும் ஓசை கேட்டது. அவன் காதைக் கொடுத்தான்.

பொங்கியண்ணன் பக்கத்தைத் திருப்பினான்.

அடுத்த பக்கம் இல்லை.

கரையான் அரித்த மண்தான் இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. கடைசித் தாள்கள் அனைத்தும் அப்படித்தான்.

வெளியே காத்திருப்பது தெரிந்தது. மூச்சு இல்லை, ஆனால் காத்திருப்பது தெரிந்தது.

அவன் அரித்துப்போன தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அதில் எழுத்து இருப்பதைப் போலக் கண்களை இடமும் வலமும் ஓட்டினான். வாயில் வந்ததைப் படித்தான்.

ஒரு வாக்கியம்.

உம் வரவில்லை.

இன்னொரு வாக்கியம்.

வரவில்லை.

நிறுத்த அஞ்சி அவன் தொடர்ந்து படித்தான். கப்பலுக்கு என்ன ஆனதோ, தலைவனுக்கு என்ன ஆனதோ, தன் வாய் சொல்வதைத் தன் காதே வாங்கவில்லை. கடைசியில் குரல் கம்மி நின்றது.

நெடுநேரம் ஒன்றுமில்லை.

"உம்," என்றது. அதில் ஒரு பெருமூச்சு இருந்தது.

தாவாரத்தில் வெறுங்கால்கள் நடந்து போகும் ஓசை கேட்டது. பருத்தி வாசனை விலகிற்று.

அவன் தள்ளாடிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். நாயுடு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

நாயுடு குழந்தையைப் போலக் கேட்டார். "கப்பல் என்னங்க ஆச்சு? வெளிய வந்துதா?"

பொங்கியண்ணன் வாயைத் திறந்தான். தான் இட்டுக்கட்டிய முடிவு. சற்றுமுன் தன் வாயாலேயே சொன்னது. தேடினான். உள்ளே வெள்ளையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

"தெரியலீங்க," என்றான்.

மறுநாள் தம்பிதுரை கல்லூரி வாசலில் ஓடி வந்தான். சரித்திரப் பாடத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தான். தர்க்கத்தையும் ஒப்பித்தான். "எல்லாம் வந்துருச்சுங்க சார்! எருது ரெண்டோட நின்னுபோச்சு!" என்றான். சிரிக்கும்போது அவன் கண்கள் கலங்கியிருந்தன. பொங்கியண்ணன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். அந்தப் பெஞ்சை நாயுடு தூக்கி விறகுக்குப் போட்டுவிட்டார்.

பங்குனியில் தம்பிதுரை பரீட்சை எழுதினான். நன்றாக எழுதியதாகக் கார்டு போட்டிருந்தான்.

அந்தக் கார்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, அன்னூரில் தன் வாடகை அறையில் பொங்கியண்ணன் ஆய்வின் கடைசி அத்தியாயத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நடுப்பகல். தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. ஜன்னல் கதவு வெயிலுக்காகப் பாதி சாத்தியிருந்தது. மனத்துக்குள்தான் படித்தான். வாய்விட்டுப் படிப்பதை அவன் சிவராத்திரியோடு விட்டிருந்தான். வகுப்பில்கூட மாணவர்களையே படிக்கச் சொல்லிவிடுவான்.

ஒரு வரியில் பேனா நின்றது. அந்த வரியின்மேல் ஒரு பஞ்சுத் துணுக்கு.

அவன் அதை எடுக்கவில்லை. அதையே பார்த்தான். அது மெல்ல அசைந்தது.

தன் உதடுகளும் அசைந்துகொண்டிருக்கின்றன என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

உதடுகளைக் கையால் பொத்திக்கொண்டான்.

பருத்தியின் வாசனை.

ஜன்னல் கட்டைக்குக் கொஞ்சம் கீழே இருந்து, அதட்டலோ கோபமோ இல்லாத, இளைத்த, மரியாதையான ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க... கப்பல் கதையில அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொருக்கா படிக்கிறீங்களா?"