மருந்து சாப்பிடாதவள்

“வாங்க” என்றார் மாமனார். அறையில் வேறு யாரும் இல்லை.

விடாத மழை. ஈரத்துணிகளின் புழுங்கல் வாடையும் தைலத்தின் காரமும் வீடெங்கும் அப்பிக் கிடந்த அந்தச் சாயங்காலத்தில், அவள் வெந்நீரோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலில் சாய்ந்திருந்த மாமனாரின் கண்மணிகள் அகலமாக விரிந்திருந்தன. வறண்ட உதட்டை நக்கியபடி, காற்றில் எதையோ நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“யாரை மாமா கூப்பிடுறீங்க?”

“விருந்தாளிம்மா. தலையெல்லாம் சொட்டச் சொட்ட நிக்கிறாங்க பாரு. ஒரு துண்டு குடு.”

வீட்டில் எல்லோருக்கும் சளி. மதியம் அவள்தான் மருந்து வாங்கி வந்தாள். மாமனாருக்குத் தும்மல் மாத்திரை, கணவனுக்கு மூக்கடைப்பு மாத்திரை, மகளுக்கு இருமல் மருந்து. ஏழு மாதக் கர்ப்பிணியான அவளை மட்டும், “நீங்க எதுவும் சாப்பிட வேணாம்” என்று மருந்துக்கடைக்காரர் வெறுங்கையோடு அனுப்பியிருந்தார்.

அவருக்கே போன் போட்டாள்.

“வயசானவங்களுக்கு அந்த மாத்திரை சில சமயம் புத்தியைக் குழப்பிடும்மா. இல்லாத ஆளெல்லாம் தெரியும். சிறுநீர் அடைச்சுக்கும். இனிமே குடுக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. மருந்துதானா.

கூடத்தில் கணவன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். முகம் சிவந்து, வேர்த்துக் கொட்டியது.

“நெஞ்சு படபடங்குது. உட்கார முடியல.”

“என் வீட்டுக்காரருக்குப் படபடங்குது, பிரஷர் வேற உண்டுங்க” என்றாள் போனில்.

“ஐயோ, நான் கேட்காம விட்டுட்டேனே. அவருக்கு அது ஆகவே ஆகாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. பாப்பா எப்படி இருக்கு?”

“மருந்து குடிச்சா தூங்கும்னு பார்த்தா, கட்டில்ல குதிக்குது.”

“சில பிள்ளைங்களுக்கு அப்படித்தாம்மா, தலைகீழா வேலை செய்யும்.”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆனாலும் கணவனின் காலடியை எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவன் ஓரடி வைத்தால் இரண்டு கேட்டது. இரண்டாவது, சளக்கென்று ஈரத்தில்.

“என் கூடவே ஒருத்தி நடக்கிறா. நனைஞ்ச தலை” என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

மகள் குதிப்பதை நிறுத்தினாள்.

“அம்மா, அந்த அத்தை ஏன் தலை துவட்ட மாட்டேங்கறாங்க?”

மறுபடி கடைக்காரருக்கே போன் போட்டாள்.

“மூணு பேருக்கும் வேற வேற மருந்துங்க. ஒரே ஆளு கண்ணுக்குத் தெரியுமா?”

மறுமுனையிலும் மழைச் சத்தம் கேட்டது.

“அம்மா… நீங்க எதுவும் சாப்பிடலியே?”

“இல்லைங்க.”

“அப்ப நீங்க பாருங்க. யாராவது இருக்காங்களா?”

பார்த்தாள். கட்டில். நாற்காலி. கதவு. யாருமில்லை.

“இல்லைங்க” என்றாள். “யாருமே இல்ல.”

சொல்லி முடிக்கவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் முகத்தை அல்ல. வயிற்றை.

அங்கே ஆடை நனைந்திருந்தது. விரித்த ஒரு கையின் அச்சு. ஐந்து விரல்களும் தெளிவாக.

குளிர் உள்ளே இறங்கியது. மெதுவாக.

வயிற்றுக்குள் குழந்தை உதைப்பதை நிறுத்தியது. பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கி, இடம் விட்டது.