காற்றிறக்காத பெட்டி

மூச்சு வாங்கும் சத்தம் தன்னுடையதுதான் என்று குமரகுருபரன் முதலில் நினைத்தான். சந்தேகம் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். சத்தம் நிற்கவில்லை. உள்ளே இழுத்தது, சற்றுத் தங்கியது, வெளியே விடும்போது நுனியில் கீச்சென்று ஒரு விசில் அடித்தது.

கார்த்திகை மழை மூன்று நாளாக விடவில்லை. மணி நாலுதான், ஆனாலும் தெற்கு ரத வீதியில் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. மின்சாரம் மதியமே போய்விட்டது. கடைக்குள் வஜ்ரப் பசையும் ஈரத் தோலும் மெருகெண்ணெயும் கலந்த வாடை. அலமாரி நெடுக ஆர்மோனியப் பெட்டிகள் வாய் மூடி உட்கார்ந்திருந்தன. அப்பா தாணுமாலையன் இறந்து, பதினாறாம் நாள் சடங்கெல்லாம் முடிந்து, இன்றுதான் கடை திறந்திருந்தது.

அப்பாவுக்காக அவனுக்கு ஒரு சொட்டு அழுகை வரவில்லை. உட்கார் என்றார்கள், உட்கார்ந்தான்; முழுகு என்றார்கள், தாமிரபரணியில் முழுகினான். கல்லுளிமங்கன் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதுவும் அவனுக்கு உறைக்கவில்லை. ஒன்பது வயது மகள் அனுராதா மடியில் ஏறி உட்காரும்போது மட்டும் நெஞ்சுக்குள் எங்கோ கொஞ்சம் சூடு தட்டியது. அந்த ஒரு பிடிமானத்தில்தான் பதினாறு நாளும் சோறு இறங்கியது.

கடை கொள்ளுத்தாத்தா போட்டது. எழுபத்தேழு வருஷம். நாடகக்காரர்கள் வந்து போனார்கள், பஜனைக்காரர்கள் வந்து போனார்கள், பிறகு பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர்கள். இப்போது முன்பக்கம் ஒரு தட்டில் கேசட்டும் விற்கிறது. மாறாதது ஒன்றுதான். அதைக் காற்றிறக்குவது என்பார்கள். ஆர்மோனியக்காரர் இறந்தால், அவர் கடைசியாகத் தொட்ட பெட்டியில் அவர் மூச்சு தங்கிவிடும் என்பது கடையின் நம்பிக்கை. சவம் எடுக்குமுன் பெட்டியின் கொக்கியை விலக்கி, முழங்கையால் எல்லாக் கட்டைகளையும் ஒருசேர அழுத்தி, துருத்தியை அமுக்க வேண்டும். நாதம் எழுந்து அடங்கும். அடங்கிய பிறகு, யாரும் தொடாமலே, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வரும். அவ்வளவுதான், போய்விட்டார் என்று அர்த்தம். அம்பாசமுத்திரம், பாபநாசத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து கூப்பிடும். கூலி வாங்குவதில்லை.

தாத்தா காலத்தில் ஒருதடவை, காற்றிறக்காத பெட்டியைத் தெரியாமல் விற்றுவிட்டார்கள். வாங்கிய வீட்டுப் பையன், செத்த கிழவரின் இருமலை இருமிக்கொண்டே நாற்பது நாள் இருந்தான். அதற்கு மேல் இல்லை.

காற்றிறக்கும் வேலையைக் குமரகுருபரனுக்குப் பழக்கியபோது அப்பா ஒன்றுதான் சொன்னார். "பைய அமுக்குலே, குமரா. உள்ள ஆள் இருக்குல்லா."

அப்பாவுக்கும் அவன்தான் செய்தான். அவருடைய பெரிய கறுப்புப் பெட்டியைப் பாடைக்குப் பக்கத்தில் வைத்து, கொக்கியை விலக்கி அமுக்கினான். நாதம் எழுந்தது, அடங்கியது. பெருமூச்சு வரவில்லை. மேளச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று எழுந்துவிட்டான். எதையும் இரண்டாவது தடவை யோசிக்கிற மனசு அன்றைக்கு அவனிடம் இல்லை.

இப்போது மறுபடி அந்த விசில்.

எழுந்து போய்க் கறுப்புப் பெட்டியில் காதை வைத்தான். ஒன்றுமில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. சில்லென்ற மரம். எல்லாக் கொக்கியும் போட்டபடி இருந்தன. அப்பாவுக்கு இருபது வருஷத்து இழுப்பு நோய். மாடிப்படி ஏறி வந்தால் முதலில் விசில்தான் வரும், பிறகுதான் ஆள். அதே விசில். கடைக்குள்ளிருந்து இல்லை.

குடையை மடக்கிக்கொண்டு பிச்சைக்கண்ணு வந்தார். கடையில் முப்பது வருஷமாகப் பெட்டி பழுது பார்க்கிறவர். அப்பா பட்டறைப் பலகையில் தலை சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். சாவுக் கேதம் சொல்ல உடனே அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறியவர், திரும்பும்போது நேரே ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார். காற்றிறக்கியதை அவர் பார்க்கவில்லை. கறுப்புப் பெட்டி வெளியே இருப்பதைக் கண்டு, இது எதற்கு என்று கேட்டார். காற்றிறக்கிய பெட்டி என்றான் குமரகுருபரன்.

பிச்சைக்கண்ணு குடையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"தம்பி, அண்ணாச்சி அன்னைக்கு இதத் தொடவே இல்லயே. அனுராதா பாப்பா பெட்டிக்குல்லா சுதி சேத்துக்கிட்டு இருந்தாக. ரீடு வாயில இருக்கப்பதான் உசிரு போச்சு. நாந்தான் அத எடுத்து மாட்டி, கொக்கியப் போட்டு, உங்க வீட்டுக்குள்ள கொண்டு வச்சேன்."

சுதி சேர்க்கும்போது அப்பா ரீடை, நாதம் தரும் அந்தச் சின்னப் பித்தளைத் தகட்டை, பெட்டியிலிருந்து கழற்றி உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பார். ஊதும்போது இடது கண்ணை மூடிக்கொள்வார். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து, அது ஒரு காட்சியாகவே அவனுக்குத் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது.

துக்க நாளில் வீட்டில் வாத்தியம் தொடுவதில்லை. அந்தக் கட்டு நேற்றோடு முடிந்தது. மழைக்காகப் பள்ளிக்கூடம் இன்றைக்கு லீவு.

கடைக்குப் பின்னால் ஒரு நடை, அதைத் தாண்டினால் வீடு. பத்தடி நடை. சுவரெல்லாம் ஈரம். விசில் கிட்டே வந்தது.

அடுக்களையில் அவன் மனைவி விஜயஸ்ரீ மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மகள் காலையிலிருந்து பெட்டியும் கையுமாக இருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னாள். சுதி எவ்வளவு சுத்தமாகப் பிடிக்கிறாள் தெரியுமா என்றாள். மழைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல, மத்தியானத்திலிருந்து இருமல்.

"சுக்குப் போட்டுப் பாலு குடுக்கேன், சரியாப் போயிரும்," என்றாள்.

அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான்.

உள்ளறையில் அனுராதா அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய சின்னப் பெட்டி. கொக்கி விலகியிருந்தது. மேல்பலகை கழற்றி வைத்திருந்தது. அதைக் கழற்ற அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மண்டியிட்டான். பலகையை மூடினான். முழங்கையைக் கட்டைகள் மேல் வைத்தான். அமுக்கினான்.

நாதம் எழுந்தது. அடங்கியது.

காத்திருந்தான்.

மழை. பால் பொங்கும் சத்தம். வேறொன்றும் இல்லை.

பெட்டி காலி.

அனுராதாவின் தோள் ஏறியது. தங்கியது. இறங்கியது. நுனியில் விசில்.

பதினாறு நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பயம் வந்தது. அதோடு அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. அவன் கைகளுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். அவை அவனைக் கேட்காமலே போய் அவள் விலாவின் இரண்டு பக்கமும் படிந்தன. சின்ன விலா. உள்ளே காற்று. ஒரே ஒரு அமுக்கு.

அமுக்க முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை.

அவள் பைய முகத்தைத் திருப்பினாள். உதட்டில் பித்தளை ரீடு. இடது கண் மூடியிருந்தது. ரீடைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பைய அமுக்குலே, குமரா," என்றாள். "உள்ள ஆள் இருக்குல்லா."

அவன் உள்ளங்கைகளுக்கு நடுவே விலா விரிந்து, அப்படியே தங்கியது.