வாயாடியின் கேமரா

கேமராவைக் கையில் கொடுத்தால் எந்தக் குழந்தையும் முதலில் எதிரில் நிற்பவரைத்தான் படம் எடுக்கும். வாயாடி அப்படிச் செய்யவில்லை. கடைக்காரர் நீட்டிய கேமராவைத் தோளுக்கு மேலே தூக்கி, லென்ஸைத் தன் முதுகுப் பக்கமாகத் திருப்பி, பின்னால் யாருமே இல்லாத இடத்தை எடுத்தாள். இரண்டாவது கேமராவிலும் அப்படியே செய்தாள். மூன்றாவதிலும்.

"முன்னாடி பாத்து எடுக்கணும் பாப்பா," என்றார் கடைக்காரர்.

வாயாடி பதில் சொல்லவில்லை. ஏழு வயதுக்காரி, நான்கு மாதமாக யாருக்குமே பதில் சொல்வதில்லை.

"இதுல ரெண்டு லென்ஸ் மேடம். அவங்களே அவங்களை எடுத்துக்கலாம்," என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார். அதன் திரையில் தன் முகம் தெரிந்ததுமே வாயாடி உள்ளங்கையால் அதைப் பொத்திவிட்டு, அம்மாவின் இடுப்பில் வந்து முட்டிக்கொண்டாள். 

"அது வேணாங்க," என்றாள் அம்மா. "பூனைக்காது, ஸ்டிக்கர், விளையாட்டு எதுவும் இல்லாம சாதாரணமா ஒண்ணு குடுங்க. பட்டன் பெருசா இருக்கணும். கீழ விழுந்தா உடையக் கூடாது. ஒரு கையாலயே அழுத்த வரணும்."

ரப்பர் உறை போட்ட மஞ்சள் கேமரா ஒன்று அமைந்தது. அம்மாவுக்குத் திருப்திதான். கேமரா விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. தெருமுனையில் பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவள். தினமும் முப்பது முகங்களை வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து, "நேரா பாருங்க, சிரிக்காதீங்க, வாயை மூடிக்கோங்க," என்று சொல்லிச் சொல்லியே வயிறு வளர்ப்பவள். உயரமானவர்களுக்கு மட்டும் ஒரு வரி கூடுதல்: "கொஞ்சம் குனிங்க, முகம் வரல."

அந்த ஸ்டூடியோவில்தான் அது நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாயாடிக்கு அங்கேதான் ராஜ்ஜியம். "அங்கிள், உங்க மூக்கு ஏன் ஒரு பக்கமா போகுது?" என்று கேட்பாள். உட்கார்ந்திருப்பவர் சிரித்துவிடுவார், படம் வீணாகும். அன்றைக்கு ஐந்தாவது படமும் வீணான எரிச்சலில், அம்மா கூரையைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். "யாராச்சும் வந்து இவ வாயை மூடுங்களேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். வாயாடியும்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தொண்டை டாக்டர், காது டாக்டர், மூளை டாக்டர், எல்லோரும் ஒரு குறையும் இல்லை என்று கைவிரித்தார்கள். அம்மா சோறு இறங்காமல் அலைந்தாள். காலையில் குழந்தையின் கன்னத்தில் கோடு கோடாகச் சிவந்திருந்தால், தலையணைத் தையல்தான் உறுத்துகிறது என்று உறையை மாற்றினாள். கடைசியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்தான் சொன்னார்: "வாயில வராதது படத்துல வரலாம். சின்னதா ஒரு கேமரா வாங்கிக் குடுங்க. அவ எடுக்கறதை எல்லாம் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க." மூழ்குகிறவளுக்கு அந்தத் துரும்பே போதுமானதாக இருந்தது.

ஒரு வாரம் போயிற்று. சாயங்காலம் அம்மா கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, மஞ்சள் கேமராவின் படங்களைக் கணினியில் ஏற்றினாள். முப்பத்தெட்டுப் படங்கள். வாயாடி மூலையில், கால்களை மடக்கி, சுவரில் முதுகை ஒட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

மனம் எங்கேயோ இருக்க, கை தன் பழக்கத்தைச் செய்தது. படங்களை பாஸ்போர்ட் கோப்புறையில் போட்டுவிட்டாள். அதில் போடும் படத்தில் மனிதர்களை மட்டும் விட்டுவைத்து, மற்ற எல்லாவற்றையும் மென்பொருள் அழித்து வெள்ளையாக்கும். வெள்ளையாக்கியதைத் தானே பிரிண்டருக்கும் அனுப்பிவிடும்.

"அறிவு கெட்டவளே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். சுவரையும் கதவையும் எடுத்த படங்கள். எல்லாம் வெறும் வெள்ளைத்தாளாகத்தான் வரப்போகின்றன. பிரிண்டர் முனகியது, சூடான தாளின் வாசனை எழுந்தது, முதல் தாள் வெள்ளையாக வந்தது, இரண்டாவதும் வெள்ளை.

மூன்றாவதின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. மை கசிந்திருக்கும் என்று விரலால் தேய்த்தாள். போகவில்லை.

நான்காவதில் ஒரு முழங்கை.

ஐந்தாவதில் தோள். ஆறாவதில் கழுத்து, முடியாத கழுத்து, தாளின் மேல்விளிம்பு வரை போயிற்று. அவள் அசல் படங்களைத் திறந்து பார்த்தாள். சுவர் இருந்தது. அலமாரி இருந்தது. வேறு யாரும் இல்லை. பிரிண்டர் தள்ளிக்கொண்டே இருந்தது. விலா. மார்பு. மறுபடி கழுத்து. எதிலும் முகம் இல்லை. முகம் விழாத அளவுக்குக் குழந்தையை ஒட்டி நின்றிருக்கிறது.

அவள் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இங்க வாடா தங்கம். ஸ்டூல்ல உக்காரு."

வாயாடி மாட்டேன் என்று தலையாட்டினாள். கண்கள் கெஞ்சின. அம்மா அவளைத் தூக்கி வந்து உட்காரவைத்தாள். ஸ்டூடியோ கேமராவில் ஒரே ஒரு படம். அதையும் அதே கோப்புறையில் போட்டாள், கணினித் திரையில் சுழல் சுற்றியது. பின்னணி வெளுத்தது.

பள்ளிச் சீருடை. இரட்டைப் பின்னல். விரிந்த கண்கள்.

கண்களுக்குக் கீழே நான்கு விரல்கள்.

தோளுக்குப் பின்னாலிருந்து வளைந்து வந்து, வாயை முழுக்கப் பொத்திய விரல்கள்.

அவள் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். விரல் தெரியவில்லை. ஆனால் கன்னத்தில் பள்ளங்கள் இருந்தன. நான்கு. இங்கே எந்தத் தலையணையும் இல்லை. தொடப் போனாள், உதட்டுக்கு முன்னால் காற்று சில்லிட்டது.

நான்கு மாதம். அழக்கூட விடாமல். என் கண் முன்னாலேயே.

"விட்டுடு," என்றாள். குரல் உடைந்தது. முழங்கால் தரையில் இடித்தது. "நாந்தானே கூப்பிட்டேன்? அவ குழந்தை. என் வாயை மூடிக்கோ. ஆயுசுக்கும் மூடிக்கோ. இவளை விட்டுடு."

பிரிண்டர் நின்றது.

குழந்தையின் கன்னத்தில் ஒரு பள்ளம் நிமிர்ந்தது. அடுத்தது. அடுத்தது. கடைசியும்.

"அம்மா."

இந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை நாள் தவம் கிடந்தாள். என் கண்ணே என்று கத்த வாயைத் திறக்கப் பார்த்தாள்.

திறக்கவில்லை.

உதட்டின் மேல் ஈரமான குளிர். பூட்டியே கிடந்த அலமாரியின் வாடை.

"அழாதம்மா," என்றாள் வாயாடி. நான்கு மாதத்துப் பேச்சு மடை திறந்து கொட்டியது. "அழுதா இன்னும் இறுக்கும்மா. அதுக்கு நகமே இல்லம்மா. நாம திரும்பினா அதுவும் திரும்பிக்கும்மா, அதான் நான் பின்னாடி பின்னாடி எடுத்தேன். ஆனா முகமே வரல."

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். மஞ்சள் கேமராவை எடுத்தாள். முதன்முறையாக அதை முன்பக்கமாகப் பிடித்தாள்.

"நேரா பாரும்மா. ஆடாத."

அம்மா அசையவில்லை. அசைய முடியவில்லை.

வாயாடி கேமராவைக் கொஞ்சம் உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம். அம்மாவின் தலையைத் தாண்டி, கூரையை நோக்கி. அம்மா தினமும் சொல்லும் அதே குரலில், பொறுமையாகச் சொன்னாள்:

"கொஞ்சம் குனிங்க. முகம் வரல."

அம்மாவின் உச்சந்தலையில் ஒரு தாடை மெதுவாக வந்து அமர்ந்தது.

கிளிக்.