வளராதே என்று சொன்ன மரபணு

கடைசித் தொட்டியில் ஓர் இலையின் ஓரம் கிழிந்திருப்பதாகத்தான் ஹெத்விகா முதலில் நினைத்தாள். பூச்சி கடித்திருக்கலாம். குனிந்து பார்த்தாள். கிழிசல் இல்லை. ஓரம் மழுமழுவென்று, தானாகவே உள்வாங்கி வளர்ந்திருந்தது. அவளுடைய வரிசையில் அப்படி ஓர் இலை வரவே கூடாது.

ப்ர்னோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்த வளர்ப்பறை. வெளியே டிசம்பர் சனிக்கிழமை, மாலை ஆகும் முன்பே இருட்டத் தொடங்கிவிட்டது. உள்ளே மட்டும் விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிய, விசிறிகள் ஓயாமல் ஒரே சுருதியில் முனக, ஈர மண்ணின் வாடை தொண்டை வரை ஏறி நிற்க, நிழலே விழாத ஒரு நண்பகல் நீண்டுகொண்டே போனது. மற்றவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் ஊற்ற அவள் மட்டும் வந்திருந்தாள்.

அவளும் அவளோடு ஆய்வு செய்யும் ராதிமும் சேர்ந்து வளர்த்தது கடுகு இனத்தைச் சேர்ந்த சின்னக் களைச்செடி. அதன் இலை நாக்கு மாதிரி, வெட்டே இல்லாமல் இருக்கும். அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு களையின் இலையோ சிற்றிலைகளாகப் பிளந்திருக்கும். காரணம் ஒரே ஒரு மரபணு. இலை அரும்பும்போது ஓரத்தில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் 'வளராதே' என்று சொல்வது அதன் வேலை. கேட்ட இடம் நின்றுவிடும், கேட்காத இடம் நீளும், இலை பிளக்கும். நாக்கிலைச் செடி அந்த மரபணுவை என்றைக்கோ தொலைத்துவிட்டது. ராதிம் அதைத் திரும்ப உள்ளே வைத்தான். அவனுடைய வரிசைகளில் இலைகள் பிளந்தன. ஹெத்விகாவின் வரிசை எதுவும் செய்யாமல் விட்டது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதில் ஓர் இலை பிளந்தாலும் விதை கலந்துவிட்டது என்று அர்த்தம். வருடக்கணக்கான வேலை பாழ். கட்டுரையும் ஏற்கெனவே ஆய்விதழுக்குப் போய்விட்டது.

கிள்ளி எறிந்தால் யாருக்குத் தெரியும்?

நினைத்ததற்கே வெட்கப்பட்டு ராதிமைக் கைபேசியில் அழைத்தாள்.

"என்ன, சனிக்கிழமையுமா? அந்தக் களைங்களோட குடும்பமே நடத்துறியா?"

"விளையாடாத ராதிம். என் வரிசையில ஒரு இலை பிளந்திருக்கு. விதை மாறிப்போச்சோன்னு பயமா இருக்கு."

"எப்படிப் பிளந்திருக்கு? என்னுது மாதிரி காம்புக்கு ரெண்டு பக்கமும் குட்டி குட்டியாவா?"

அவள் இன்னும் குனிந்தாள். "இல்ல. நுனியில மட்டும். அஞ்சா. ஒண்ணு தனியா தள்ளி, குட்டையா நிக்குது."

மறுமுனையில் தட்டுகள் மோதின. யாரோ சிரித்தார்கள். ராதிம் சிரிக்கவில்லை.

"என் மரபணு அப்படிப் பண்ணாது," என்றான். "அத நீ கையால தொட்டியா?"

"தினமும்தான். தண்ணி ஊத்துறப்ப எல்லா இலையையும் தூக்கிப் பாப்பேன்ல."

"கையுறை போட்டுக்கிட்டா?"

அவள் தன் வெறுங்கையைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு போ. இப்பவாவது போட்டுக்க. இலைய வெட்டி ஐஸ்ல வை, திங்கக்கிழமை பாப்போம். மாமியார் கத்துறாங்க, பிஸ்கட்டு தீயுதாம். இரு, அப்புறம் கூப்பிடுறேன்."

கைபேசியைச் செடித்தட்டின் மேல் வைத்தாள். வலக்கையில் உறையை இழுத்து மாட்டிக்கொண்டு, சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு திரும்பியவள் அப்படியே நின்றாள். பக்கத்துத் தொட்டியிலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்ததிலும். முன்பே இருந்ததா, தான்தான் கவனிக்கவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வரிசை முழுக்க, ஒவ்வொரு செடியின் நடுவிலிருந்தும் எழுந்துவந்த இளந்தளிர்கள், விரியக் காத்திருக்கும் சிறுசிறு முஷ்டிகளாகச் சுருண்டிருந்தன.

அவை லேசாக ஒரு பக்கம் சாய்ந்து அசைந்தன. விசிறிக் காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

முதல் இலையை வெட்டினாள். காம்பு மெல்லச் சத்தமிட்டு அறுந்தது. இடது உள்ளங்கையில் வைத்து விளக்கடியில் பிடித்தாள். நரம்புகள் இலை நரம்புகள் ஓடுகிற மாதிரி ஓடவில்லை. குறுக்கே இரண்டு கோடுகள், கட்டைவிரல் பக்கம் வளைந்து இறங்கும் ஒன்று. அதற்குக் கீழே அவளுடைய கையிலும் அதே கோடுகள். அதே வளைவு.

இல்லாத ஒன்று தானாக வராது. அவள் படித்தவள், அது தெரியும். இந்தச் செடிக்கு இடைவெளி விடத் தெரியாது. யாராவது கொடுத்தால்தான் உண்டு. கருவில் மனிதக் கையும் முதலில் துடுப்பு மாதிரி ஒரே தகடாகத்தான் இருக்கும். இடையில் இருக்கும் உயிரணுக்கள் சொன்ன சொல் கேட்டுச் சாவதால்தான் விரல் பிரிகிறது. அந்தச் சொல்லை ஒருவரிடமிருந்து எடுத்துவிட்டால்...

அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

உறைக்குள் அரித்தது. வியர்வை என்று நினைத்தாள். கத்தரியைக் கீழே வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. விரல்கள் பிரியவில்லை. மறுகையால் பிடுங்கித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

உறையின் விரல்கள் ஐந்தும் தொளதொளவென்று காலியாகத் தொங்கின. மணிக்கட்டுப் பக்கம் மட்டும் விம்மிப் புடைத்திருந்தது.

இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். ரப்பர் நீண்டது. கிழிந்தது.

தட்டின் மேல் கைபேசி அதிர்ந்தது. திரையில் ராதிமின் பெயர். அவள் அதைப் பார்க்கவில்லை.

வலி இல்லை. ரத்தம் இல்லை. மணிக்கட்டிலிருந்து ஒரே தகடு. வழவழப்பாக. நாக்கு மாதிரி. ஓரத்தில் ஒரு வெட்டும் இல்லாமல். அதற்குள்ளே, ஒளி ஊடுருவும் மெல்லிய சதையில், எலும்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்து கிளை கிளையான நரம்புகளாகிக்கொண்டிருந்தன. ஓரம் இன்னும் நிற்கவில்லை, நீண்டுகொண்டே இருந்தது. அவள் அசைக்காமலே அது மெல்லத் திரும்பியது. விளக்கை நோக்கி விரிந்தது.

வரிசை முழுக்க முஷ்டிகள் திறந்தன.