பதிமூன்றாவது அணி

ஏழு மாதமாகத் தரையை மிதிக்காத அப்பாவின் உள்ளங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது.

அருண்பிரசாத் முதலில் அதை மண் என்று நினைக்கவில்லை. படுக்கைப்புண்தான் காலுக்கும் இறங்கிவிட்டதோ என்று குனிந்து பார்த்தான். விரலால் தொட்டான். ஈரம். கால்விரல் இடுக்கில் இரண்டு நெருஞ்சி முள், ஒரு அருகம்புல் துணுக்கு. பின்னறையில் எப்போதும் தங்கியிருக்கும் மூத்திர வாடைக்கும் வலித்தைல வாடைக்கும் அடியிலிருந்து, மாசிப் பனியில் ஊறிய நிலத்தின் வாசனை மெல்ல மேலே எழுந்து வந்தது. அப்பா ஆதிமூலம் கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவரை அப்படித் திருப்பிப் படுக்க வைத்தவன் அவன்தான். அறைக்கு வெளியே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது முதுகில் அந்தப் பார்வை படுவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நைனா," என்றான். "கால்ல இன்னா இது?"

பதில் வராது என்று தெரியும். பக்கவாதம் வந்த அன்றே இடது கை, இடது கால், நாக்கு மூன்றும் போய்விட்டன. பிள்ளைகள் மூன்று பேரும் கீழ்பென்னாத்தூர் வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று மாதம் என்று பேசிக்கொண்டார்கள். பெரியவன் ராஜேந்திரன் தன் மூன்று மாதத்தை முடித்த மறுநாள் காலையிலேயே அவரை வாடகைக் காரில் ஏற்றி அடி அண்ணாமலையில் இருக்கும் அருண்பிரசாத் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இளையவனான இவனுடைய மூன்று மாதமும் முடிந்துவிட்டது. அடுத்த முறை அக்கா பாஞ்சாலையுடையது. அது வந்து இருபத்தெட்டு நாள் ஆகிறது. அவள் போனை எடுப்பதில்லை. எடுத்த ஒரே தடவை, "இங்க எடம் எங்கடா இருக்குது? வர்ற மாசம் பாக்கலாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள். மனைவி தேவிப்ரியா பொறுத்துப் பார்த்து, மகளை அழைத்துக்கொண்டு போளூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "உங்க நைனாவ இட்டுனு போவ ஆள் வந்தா சொல்லுங்க, நான் வரேன்."

அவள் போன பிறகு அருண்பிரசாத் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருந்தான். தண்ணீர் கம்மியாகக் கொடுத்தால் ஈரத் துணியும் கம்மி.

அவனுக்கு வேலை அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு, வீட்டிலிருந்தே. அந்த வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் பேஸ்பால். அதுவும் மைதானத்தில் ஆடும் பேஸ்பால் அல்ல, கம்ப்யூட்டர் ஆடுகிற பேஸ்பால். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு அணிகள். ஆட்டக்காரர்கள் யாரும் உலகத்தில் இல்லை. பெயர், வயது, கை வலு, கால் வேகம் எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கும் எண்கள். எண்களை வைத்துக் கம்ப்யூட்டர் தானே ஆட்டத்தை நடத்தி முடிவைச் சொல்லும். ஒப்பந்தம் முடிந்து எந்த அணியும் வைத்துக்கொள்ளாத ஆட்டக்காரர்களை ஃப்ரீ ஏஜென்ட் என்று ஒரு பட்டியலில் போடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சீசன் தொடங்கும் முன் அந்தப் பட்டியலைப் பற்றி முன்னோட்டம் எழுதுவது அருண்பிரசாத்தின் பொறுப்பு. வயதான ஆட்டக்காரர்களை அவன் நார்நாராகக் கிழிப்பான். அதற்காகவே மற்ற பதினொரு பேரும் காத்திருந்து படிப்பார்கள்.

இந்த வருடம் பட்டியலின் கடைசியில், சிரிப்புக்காக, அவனே ஓர் ஆட்டக்காரரைச் சேர்த்தான்.

'ஆதிமூலம். வயது 74. இடது கை வேலை செய்யாது. இடது கால் வேலை செய்யாது. வாய் பேசாது, ஆனால் சாப்பிடும். இரண்டு அணிகள் வைத்திருந்து கைவிட்டன, மூன்றாவது அணி போனை எடுப்பதில்லை. சம்பளம் வேண்டாம். தூக்கிக்கொண்டு போனால் போதும்.'

அப்பாதான் என்று அவர்களுக்குத் தெரியாது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்பாவின் காலைக் கழுவித் துடைத்துவிட்டு அவன் மேஜைக்கு வந்தான். திரையில் வால்டரின் செய்தி ஒன்று கிடந்தது. வால்டர் இந்தப் பன்னிரண்டு அணி லீகை நடத்துகிற கிழவர், ஓய்வுபெற்ற வாத்தியார்.

'அருண், அந்தத் தாத்தாவை நேற்றே அழித்துவிட்டேன். திரும்பவும் வந்திருக்கிறார். பதிமூன்றாவது அணி ஒன்று அவரை எடுத்திருக்கிறது. நீ உருவாக்கிய அணியா?'

அவன் உருவாக்கவில்லை. பட்டியலைத் திறந்தான். ஆதிமூலம் என்ற பெயருக்கு எதிரே 'ஒப்பந்தம் ஆனது' என்றிருந்தது. அணியின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. உரிமையாளரின் கட்டமும் வெறுமை. அதற்குக் கீழே பயிற்சி முகாம் அறிக்கை. பந்து எறிபவர். இடது கை ஆட்டக்காரர். அவன் பூஜ்யம் என்று போட்ட இடது கை வலு, இப்போது முப்பத்தொன்று.

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போனபோது அப்பாவின் இடது கை மேலே தற்செயலாக அவன் முழங்கை பட்டது. ஏழு மாதமாக வாழைத்தண்டு போலச் சில்லிட்டுக் கிடந்த கை அது.

சூடாக இருந்தது.

அடுத்த நாள் விடியற்காலை அவன் அரைத்தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டான். தொப். கொஞ்சம் இடைவெளி. தொப். துணி துவைக்கிற சத்தம் இல்லை, மட்டை வெட்டுகிற சத்தம் இல்லை. மெத்தென்று எதிலோ போய் விழுந்து, விழுந்த இடத்திலேயே அடங்கிப்போகிற சத்தம். வீட்டுக்குப் பின்னால் விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவுப் பக்கமிருந்து வந்தது. எழுந்து சன்னலைத் திறந்தான். பனி வெள்ளைச்சுவர் போல நின்றது. மலை தெரியவில்லை. பக்கத்து வேப்பமரம்கூடத் தெரியவில்லை. அவன் சன்னலைத் திறந்ததும் சத்தம் நின்றது. எதுவோ அவன் மூடுவதற்காகக் காத்திருப்பது போலிருந்தது. மூடினான்.

தொப்.

வெயில் ஏறிய பிறகுதான் வெளியே போகத் தைரியம் வந்தது. மனைப்பிரிவில் வரிசையாக நட்டிருந்த மஞ்சள் கற்களில் நான்கைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்திருந்தார்கள். வேறு யார் பார்த்தாலும் நான்கு கற்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவன் ஒவ்வொன்றாக நடந்து அளந்தான். கல்லுக்குக் கல் தொண்ணூறு அடி. நான்கும் சேர்ந்து பேஸ்பால் மைதானத்தின் சாய்சதுரம். நடுவில், பந்து எறிபவர் நிற்க வேண்டிய இடத்தில், மண்ணைக் குவித்து மிதித்திருந்தார்கள். அந்தக் குவியல் மேல் வெறுங்கால் தடம் பதிந்திருந்தது. பக்கத்திலேயே இன்னும் தடங்கள். சின்னது, பெரியது, விரல் இல்லாதது.

டீக்கடைக்குப் போனான். கடை நடத்தும் ரேணுகாம்பாள் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்பா, உங்க பக்கம் எல்லம்மாள் கெழவி எங்கனா கண்ணுல பட்டுதா?"

"எந்த எல்லம்மாள்?"

"கோடி வீட்டு கெழவி. எண்பது தாண்டிச்சி. மருமவ மாட்டு கொட்டாயில போட்டு வெச்சிருந்தா. ராத்திரி இருந்துது, காலைல காணோம்ன்றா. இடுப்பு ஒடஞ்சது எங்கப்பா எழுந்து போவும்?"

டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து பட்டியலைத் திறந்தான். ஆதிமூலத்துக்குக் கீழே புதிதாக எட்டுப் பெயர்கள் இருந்தன. முதல் பெயர் எல்லம்மாள். வயது 81. பந்து பிடிப்பவர். 'இடுப்பு உடைந்தது. மருமகள் மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தாள். சாணி நாற்றம் இலவசம்.' அடுத்தது முருகையன், 77. 'கண் இல்லை. மகன் கிரிவலப் பாதையில் உட்கார வைத்துவிட்டு இதோ வருகிறேன் என்று போனான். நல்ல பொறுமைசாலி, இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.' ஒவ்வொரு பெயருக்கும் இப்படி ஒரு வரி. எழுதியவர் பெயர் கீழே இருந்தது. அருண்பிரசாத்.

அவன் எழுதவில்லை. ஆனால் எழுத்து அவனுடையது. அந்த நக்கல், அந்தக் கடைசிக் குத்து, எல்லாமே. யாரோ அவன் மண்டைக்குள் உட்கார்ந்து அவன் கையால் எழுதியது போலிருந்தது.

அப்பாவின் பெயரை அழிக்கப் பார்த்தான். 'ஒப்பந்தத்தில் உள்ள ஆட்டக்காரரை நீக்க முடியாது' என்றது திரை. திரும்பவும் அழுத்தினான். திரும்பவும் அதே வரி. அதற்குக் கீழே: இடது கை வலு, தொண்ணூற்றாறு. சீசன் தொடக்கம், நாளை.

அண்ணனுக்குப் போன் செய்தான்.

"ண்ணா, நைனா எழுந்து நடக்கறாரு போல இருக்குது. நீ கொஞ்சம் வாயேன். இன்னிக்கே வா."

ராஜேந்திரன் சிரித்தான். "நடக்கறாரா? அப்ப உனக்கு வேல கம்மிதானே. அவர எந்தலையில கட்டத்தான் இந்த கதையெல்லாம்னு எனக்கு தெரியாதா?"

"இல்லண்ணா, சத்தியமா..."

"வெச்சிட்றா."

தேவிப்ரியாவைக் கூப்பிட்டான். ஆள் வந்தாயிற்றா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் வைத்துவிட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவன் பின்னறைக்குப் போனான். ஆதிமூலம் சுவரைப் பார்த்துக் கிடந்தார். வறண்ட உதடு வெடித்திருந்தது. அவன் தண்ணீர் கொடுக்கவில்லை. இரண்டு துண்டுகளை எடுத்து, இடது மணிக்கட்டைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினான். இடது கணுக்காலையும் கட்டினான். இரட்டை முடிச்சு. கட்டும்போது அவர் தலை மெல்லத் திரும்பியது. ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் தானாகத் திரும்பியது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை, அழுகை இல்லை. சந்தையில் மாட்டைப் பிடித்துப் பார்ப்பவர்கள் பார்க்கிற மாதிரி, அவனை மேலிருந்து கீழாக, தோள், விலா, முழங்கால் என்று அளந்து பார்த்தார்.

அவன் கதவை வெளியே தாழ் போட்டான். கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தூங்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தான்.

தொப்.

கண் திறந்தபோது சன்னல் வெளுத்திருந்தது. பின்னறைக் கதவின் தாழ் போட்டபடியே இருந்தது. திறந்தான். துண்டுகள் இரண்டும் கட்டிலில் இருந்தன. முடிச்சு அவிழவில்லை. இரண்டு முடிச்சும் அவன் போட்டபடியே, இறுக்கமாக, கைக்கும் காலுக்கும் ஆன வட்டத்தோடு அப்படியே இருந்தன. உள்ளே கையும் இல்லை. காலும் இல்லை.

ஓடவேண்டும் என்று நினைத்தான். தெருப்பக்கம் ஓடவேண்டும். வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டான். ஆனால் கால் தெருப்பக்கம் போகவில்லை. பின்வாசலைத் தாண்டியது. பனிக்குள் இறங்கியது. ஈர மண். சில்லென்று ஏறியது. நெருஞ்சி குத்தியது. நிற்கவில்லை.

மட்டை பிடிப்பவர் நிற்க வேண்டிய மஞ்சள் கல்லுக்கு அருகில் போய்த்தான் கால் நின்றது. அதன் பிறகு அசையவில்லை.

பனி கொஞ்சம் விலகியது.

ஒன்பது பேர். ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில். நைந்த வேட்டி, அழுக்குப் புடவை, ஆஸ்பத்திரி அங்கி. முதல் கல்லருகே கண்ணில்லாத ஒரு கிழவர், முகத்தை மட்டும் இவன் மூச்சு வரும் பக்கம் திருப்பியபடி. தூரத்தில் மூன்று பேர் வெறும் நிழலாக. யாரும் இருமவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மெதுவாக. யாரோ குந்துகிறார்கள். சாணி நாற்றம். கெண்டைக்காலில் சூடான மூச்சு பட்டது.

அவன் கையில் மட்டை இல்லை.

"நைனா."

மண்குவியல் மேல் ஆதிமூலம் நின்றார். நேராக. அவ்வளவு உயரம் என்று அவன் மறந்தே போயிருந்தான். இடது கையில் ஒரு கருங்கல், எலுமிச்சைக்கும் தேங்காய்க்கும் இடைப்பட்ட அளவு.

"நைனா, தண்ணி தரேன். இட்டாந்து படுக்க வெக்கறேன். நைனா..."

கை பின்னால் போனது. முன்னால் வந்ததை அவன் பார்க்கவில்லை.

முழங்கால்.

தொப்.

விழவில்லை. விழ முடியவில்லை. கால் உடைந்த பிறகும் நின்றது. கத்தினான். பனி அதை வாங்கிக்கொண்டது. பின்னாலிருந்த கிழவி கல்லைத் தடவி எடுத்து, அவன் தலைக்கு மேலாகத் திருப்பி எறிந்தாள். ஆதிமூலம் அதைப் பார்க்காமலே பிடித்தார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வெளிச்சம் துணி வழியே கசிந்தது. குனிந்தபோது எழுத்து தெரிந்தது. முதல் ஆட்டம் தொடங்கியது. இந்த சீசனில் மீதம் நூற்று அறுபத்தொரு ஆட்டம்.

மனைப்பிரிவின் ஓரத்தில் பனிக்குள் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிரிவலப் பாதைப் பக்கமிருந்து. தவழ்ந்து சிலர். புட்டத்தால் நகர்ந்து சிலர். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து, வரிசையாக, சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். பல்லில்லாத வாய்கள். ஒரு வாயும் மூடவில்லை.

ஆதிமூலம் கல்லை வேட்டியில் துடைத்தார். வெடித்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். இந்தத் தடவை விலா எலும்பைப் பார்த்தார்.

கையைத் தூக்கினார்.